ஒரு சொட்டு எண்ணெய், நாற்பது லட்சம் சுற்று

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளோடு வந்த கையேட்டில் பராமரிப்பு பற்றிப் படிக்க அதிகம் இல்லை. இருப்பதில் முக்கியமானது ஒரு சிறு குறிப்பு: 2,000 மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை, நடு ஷாஃப்ட்டில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட வேண்டும். மற்ற மோட்டார்களுக்கு 200 முதல் 500 மணி நேரத்துக்கு ஒருமுறை விட வேண்டியிருக்கும் என்ற ஒப்பீடும் பக்கத்திலேயே உண்டு. பெருமை பேச வேண்டிய இடத்தில் இந்த ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் கூச்சப்படவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 2,000 மணி நேரம் என்றால் 40 லட்சம் சுற்று. தினமும் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்கிறவருக்கு ஐந்தரை ஆண்டுகள். இரவுக்கு எட்டு மணி நேரம் இசைத்தட்டு சுழலும் நடன விடுதிக்கு ஓராண்டுகூடத் தாங்காது. இந்த இரண்டு வகை வாழ்க்கையும் ஒரே இயந்திரத்துக்கு வாய்த்ததால்தான் பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளை வாங்கப் போகிறவர்கள் இன்றும் முதலில் அந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்கைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்பது சரி. பேரிங்கின் நிலையைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலோர் பார்க்கும் இடம்தான் தவறு.

டைரக்ட் டிரைவுக்கு முந்தைய காலத்தில் மோட்டார் ஒரு பக்கம், சுழல்தட்டு ஒரு பக்கம். 1950களில் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் தயாரான கேரார்டு 301 போன்ற இயந்திரங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் உரசிக்கொண்டு ஓடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்கு 25. அந்த அதிர்வு ரப்பர் வழியாகத் தட்டுக்கும், தட்டிலிருந்து ஊசிக்கும், ஊசியிலிருந்து ஒலிபெருக்கிக்கும் ஏறும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கேட்கும் அந்த அடிக்குரல் உறுமல் காதுக்கு எட்டும் ஸ்வரத்திலேயே இருந்தது. 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்சூரின் ஏஆர் நிறுவனம் ரப்பர் சக்கரத்தை எடுத்துவிட்டு பெல்ட்டைப் போட்டது. அதிர்வை பெல்ட் விழுங்கியது. ஆனால் பெல்ட் தளரும், நீளும், வழுக்கும். தட்டு வேகம் பிடிக்கவும் நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஒசாகாவில் மட்சுஷிதா நிறுவனத்தின் பொறியாளர் ஷூயிச்சி ஒபாட்டாவின் குழு இந்த இரண்டு வழியையும் விட்டுவிட்டு, தட்டு எந்த வேகத்தில் சுற்ற வேண்டுமோ அதே வேகத்தில் மோட்டாரையும் சுற்ற வைத்தது. மோட்டாரின் அச்சே தட்டின் அச்சு: இதுதான் டைரக்ட் டிரைவ். 1970இல் மட்சுஷிதாவின் டெக்னிக்ஸ் பெயரில் கடைக்கு வந்த எஸ்பி-10க்கு ஊசிக்கை கிடையாது. வெறும் இயக்கு பாகம்தான், மரப்பெட்டியும் கையும் வாங்குகிறவர் பொறுப்பு. அதே ஆண்டில் டெனான் ஜப்பானின் என்எச்கே வானொலிக்காக டிஎன்-302எஃப் என்ற டைரக்ட் டிரைவ் இயந்திரத்தைத் தயாரித்துக் கொடுத்தது. 1973இல் ஜெர்மனியின் டூவல் தன் 701ஐ இறக்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜப்பானில் பெயர்பெற்ற ஒலிக்கருவி நிறுவனங்கள் அனைத்தும் இந்த வழிக்கு வந்துவிட்டன.

நிமிடத்துக்கு 33 சுற்று என்பது விநாடிக்கு அரைச் சுற்றுக்குச் சற்று மேல். அந்த அதிர்வெண்ணை எந்தக் காதும் கேட்காது. விளம்பரங்கள் பேசியது இதைத்தான். பேசாமல் விட்டது, உரசும் இடங்களெல்லாம் போய்ச் சுமை முழுவதும் கடைசியில் மிஞ்சிய ஒரே உரசலின் தலையில் விழுந்ததை: நடுவில் நிற்கும் அந்த ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும்.

பெரும்பாலான இயந்திரங்களில் அந்தப் பேரிங்கின் அமைப்பு எளிமையானது. கடினப்படுத்திய எஃகு ஷாஃப்ட் ஒன்று, விரல் நீளத்துக்கு. அதைச் சுற்றிப் பித்தளையோ வெண்கலமோ ஆன புஷ். அடியில் ஷாஃப்ட்டின் உருண்ட முனையோ ஓர் எஃகுக் குண்டோ ஒரு சிறு வில்லையின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த வில்லை நைலான் போன்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்காக இருப்பது வழக்கம். பக்கவாட்டு விசையைப் புஷ் தாங்குகிறது, எடையை வில்லை தாங்குகிறது. தேய்மானம் என்று சொன்னால் இந்த இரண்டு இடங்களில் ஒன்றுதான்.

புஷ்ஷுக்குப் பலர் தேர்ந்தெடுத்தது துளை நிறைந்த வெண்கலம். உலோகப் பொடியை அழுத்திச் சூடேற்றி இறுக்கினால் பஞ்சுபோல் நுண்துளைகள் கொண்ட வெண்கலம் கிடைக்கும். அதை எண்ணெயில் ஊற வைத்தால் தன் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். 1930களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் கார்களுக்காக வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் இது. ஷாஃப்ட் சுற்றிச் சூடாகும்போது எண்ணெய் வெளியே கசியும், ஆறும்போது திரும்ப உள்ளே போகும். ஆனால் கார் டைனமோ வேகமாகச் சுற்றும், சூடாகும். டர்ன்டேபிளில் இரண்டும் நடக்காது. இவ்வளவு மெதுவான சுழற்சியில் ஷாஃப்ட்டை மிதக்க வைக்கும் அளவுக்கு எண்ணெய்ப் படலம் கட்டுவதே கடினம். ஆகவே மெல்லிய, நல்ல எண்ணெய் எப்போதும் இருந்தாக வேண்டும். கெட்டிக் கிரீஸைத் திணித்தால் வெண்கலத்தின் துளைகள் அடைபட்டுவிடும். துருவை விரட்டும் ஸ்ப்ரேயை அடித்தால் அது கரைப்பானாக வேலை செய்து, உள்ளே மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு பழைய டர்ன்டேபிள்களைக் கெடுத்தவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டு வழிகளில் ஏதோ ஒன்றில் போனவர்கள்தான்.

பேரிங் உலர்ந்தால் தெரியாதா? பழைய ரப்பர் சக்கர இயந்திரத்தில் தெரிந்துவிடும். தட்டு இழுக்கும், வேகம் குறையும், பாடகரின் குரல் அரைக்கட்டை இறங்கும். டைரக்ட் டிரைவில் தெரியாது. அதுதான் சிக்கல்.

எம்கே2வில் குவார்ட்ஸ் படிகம் ஒன்று கடிகாரம்போல் ஓடிக்கொண்டிருக்கும். தட்டின் வேகத்தை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் சர்வோ சுற்று, இம்மி குறைந்தாலும் மோட்டாருக்குக் கூடுதல் மின்னோட்டத்தைத் தள்ளும். பேரிங் காய்ந்து உராய்வு கூடினாலும் சர்வோ அதற்கு ஈடாக இன்னும் கொஞ்சம் தள்ளும். தட்டின் விளிம்பில் வரிசையாக இருக்கும் புள்ளிகள் ஸ்ட்ரோப் விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும். பழைய இயந்திரம் விற்பவர் அதைத்தான் காட்டுவார்: பாருங்கள், எவ்வளவு துல்லியம்! துல்லியம் உண்மைதான். அந்தப் புள்ளிகள் சர்வோவின் நலத்தைச் சொல்கின்றன. பேரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இயந்திரத்தின் தலைசிறந்த குணமே அதன் நோயை மூடி மறைக்கிறது.

அதனால் சோதிக்கிறவர் சர்வோவை முதலில் வெளியேற்ற வேண்டும். நிறுத்தும் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் மின்பிரேக் பிடித்துத் தட்டு உடனே நின்றுவிடும். தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்விசையை அணைத்துவிட வேண்டும். இப்போது தட்டைச் சுற்ற வைப்பது அதன் சொந்த வேகம் மட்டுமே. நல்ல பேரிங்கில் அது நிதானமாக, ஒரே சீராக இறங்கி நிற்கும். காய்ந்த பேரிங்கில் சீக்கிரம் அடங்கும், சில சமயம் கடைசிச் சுற்றில் ஓரிடத்தில் பிடித்துத் தயங்கும். வேடிக்கை என்னவென்றால், டிஸ்க் ஜாக்கிகள் இதே விசையை அணைத்துத்தான் பாட்டை ஆழ்ந்த குரலில் இழுத்து, உருக்கி நிறுத்துகிறார்கள். கூட்டம் கைதட்டும் அந்த வித்தை, மெக்கானிக்குக்குப் பரிசோதனை.

உறுமலை எண்ணால் அளப்பது இன்னொரு தனிக் கதை. ஒன்றும் பதிவு செய்யாத வெற்றுப் பள்ளம் கொண்ட சோதனை இசைத்தட்டை ஓடவிட்டு, ஊசி கொண்டுவரும் ஓசையை அளப்பதே வழக்கமான முறை. அளந்த எண்ணை அப்படியே சொன்னால் ஒரு மதிப்பு, காதுக்கு உறைக்காத மிகத் தாழ்ந்த ஓசைகளைத் தள்ளுபடி செய்து சொன்னால் இன்னொரு மதிப்பு. எம்கே2வின் விவரக்குறிப்பில் இரண்டும் உண்டு: தள்ளுபடி இல்லாமல் மைனஸ் 56 டெசிபல், தள்ளுபடியோடு மைனஸ் 78. விளம்பரத்தில் எது பெரிய எழுத்தில் வரும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. 1970களில் பத்திரிகைகளும் நிறுவனங்களும் நடத்திய டெசிபல் போட்டியில் பாதி, எந்தச் சல்லடை வழியாக அளந்தார்கள் என்பதில் அடங்கிப்போகிறது.

அதைவிடப் பெரிய சங்கடம் சோதனை இசைத்தட்டிலேயே இருந்தது. அந்த வெற்றுப் பள்ளத்தை வெட்டிய இயந்திரத்துக்கும் ஒரு மோட்டார், ஒரு பேரிங் உண்டு. அதன் உறுமல் பள்ளத்திலேயே பதிந்து வரும். டர்ன்டேபிள்கள் அமைதியாக ஆக, அளவுமானியில் தெரிவது டர்ன்டேபிளின் ஓசையா, இசைத்தட்டை வெட்டிய லேத்தின் ஓசையா என்ற கேள்வி எழுந்தது. பெல்ட் முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த தோரன்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ரம்பல் (உறுமல்) அளவு கப்ளர் எனப்பட்ட அந்தச் சிறு கருவியைத் தட்டின் நடுக்கம்பியில் செருகினால், அதன் மேற்பகுதி சுற்றாமல் நிற்கும். ஊசியை இசைத்தட்டில் வைக்காமல் அந்த நிற்கும் பகுதியின் மேல் வைப்பார்கள். பேரிங்கின் அதிர்வு மட்டும் நேராக ஊசிக்கு வரும். இசைத்தட்டே இல்லாமல் பேரிங்கை விசாரிக்கும் கருவி அது. டர்ன்டேபிள் சரித்திரத்தில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு கெட்டிக்கார யோசனைகள் அதிகம் இல்லை.

இசைத்தட்டு வெட்டும் பக்கமும் சும்மா இருக்கவில்லை. நாய்மன் நிறுவனத்தின் விஎம்எஸ்-80 லேத்தில் மோட்டாராக உட்கார்ந்தது டெக்னிக்ஸின் எஸ்பி-02 என்ற டைரக்ட் டிரைவ். வெட்டுவதும் வாசிப்பதும் ஒரே குடும்பத்து மோட்டார் என்றாகிவிட்டது.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துச் சமாசாரம். பேரிங்குக்கு உண்மையான சோதனை நியூயார்க்கில் நடந்தது. 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520 எண் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்துக்கு டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு வாசித்தார். தாளம் மட்டும் ஒலிக்கும் இடங்களை இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டியது அவருடைய உத்தி. டெக்னிக்ஸ் எஸ்எல்-1100ஐப் பயன்படுத்தியவர்களில் அவர் ஒருவர். சில ஆண்டுகளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தட்டுக்கும் இசைத்தட்டுக்கும் நடுவே வழுக்கும் துணியை வைத்தார். கிராண்ட் விசார்டு தியோடர் இசைத்தட்டை முன்னும் பின்னும் இழுத்து அந்த உரசலையே இசையாக்கினார். 1972இல் வீட்டு ரசிகருக்காக இறக்கிய எஸ்எல்-1200, 1979இல் குவார்ட்ஸ் பூட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலுமாக எம்கே2 ஆனபோது விடுதிகளின் பொதுச் சொத்தாகிவிட்டது. 2010இல் உற்பத்தி நிற்கும்வரை விற்ற 1200 வரிசை இயந்திரங்கள் 30 லட்சத்துக்கும் மேல்.

முன்னும் பின்னும் இழுக்கும் கை பேரிங்கை என்ன செய்யும்? பயப்படும் அளவுக்கு இல்லை. வழுக்குத் துணியின் மேல் இசைத்தட்டுதான் நிற்கிறது, அடியில் தட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. கை அழுத்தும் எடை அடிவில்லைக்குப் போகிறது, விளிம்பில் கொடுக்கும் தள்ளு புஷ்ஷின் ஒரு பக்கத்துக்குப் போகிறது. இரண்டும் தேய்மானம்தான், ஆனால் மெதுவான தேய்மானம். உண்மையான சேதம் வாடகை வண்டியில் நடக்கிறது. தட்டைக் கழற்றாமல் பெட்டியில் போட்டுப் படிக்கட்டில் தடதடவென்று இறக்கினால், ஏறத்தாழ 2 கிலோ தட்டு ஷாஃப்ட்டைச் சுத்தியல்போல் அடிக்கும். பிளாஸ்டிக் வில்லையில் பள்ளம் விழுந்துவிடும். 40 லட்சம் சுற்றில் நடக்காதது ஒரு பயணத்தில் நடந்துவிடும்.

இன்னொரு கோடியில், முப்பது வருடம் வரவேற்பறை அலமாரியில் கண்ணாடி மூடிக்குள் இருந்த இயந்திரம். கீறல் ஒன்று இல்லை. வாங்குகிறவருக்குக் கண் கூசும். உள்ளே எண்ணெய் காற்றோடு சேர்ந்து பழுப்புப் பிசினாகியிருக்கும். விடுதியில் உழைத்து, ஆண்டுதோறும் எண்ணெய் பார்த்த இயந்திரத்தின் பேரிங் இதைவிட ஆரோக்கியமாக இருப்பது அபூர்வம் அல்ல. வெளித்தோற்றத்தை நம்பி விலை வைக்கும் சந்தை இதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

எம்கே2 மேசைக்கு வந்தால் பழுது பார்ப்பவர் முதலில் மின்கம்பியைப் பிடுங்குகிறார். ரப்பர் பாயை எடுத்துவிட்டு, தட்டில் இருக்கும் இரண்டு துளைகளில் விரலை விட்டு நேராக மேலே தூக்குகிறார். தட்டின் அடியில் மோட்டாரின் காந்த வளையமே ஒட்டிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் இந்த இயந்திரத்தில் சுற்றும் பாதி தட்டிலேயே இருக்கிறது. நடுவில் ஷாஃப்ட் மட்டும் தனியாக நிற்கிறது. அதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து, சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பதுபோல் நான்கு திசையிலும் ஆட்டுகிறார். ஆட்டம் தெரியவில்லை. அவசரக்காரர் இங்கே திருப்தியோடு தட்டை மாட்டிவிடுவார். அனுபவசாலி அப்படிச் செய்வதில்லை. கெட்டியான பழைய எண்ணெய் இடைவெளியை அடைத்துக்கொண்டு ஆட்டத்தை மறைக்கும். விற்பதற்கு முன் தடித்த எண்ணெயை விட்டிருந்தாலும் அதே பலன்தான்.

ஆகவே பஞ்சு சுற்றிய குச்சியால் ஷாஃப்ட் கழுத்தைத் துடைத்து, ஒட்டி வருவதன் நிறத்தைப் பார்க்கிறார். தேன் நிறமாக, தெளிவாக இருந்தால் நல்லது. பச்சை கலந்திருந்தால் வெண்கலத்திலுள்ள செம்பு அரித்திருக்கிறது. கறுத்து, விளக்கடியில் பொன்துகளாக மினுமினுத்தால் புஷ் தேய்ந்து எண்ணெயில் கலந்திருக்கிறது. பிறகு மெல்லிய புது எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, கையால் சில சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி ஆட்டிப் பார்க்கிறார். இப்போது வரும் பதில்தான் உண்மையான பதில். சந்தேகம் இருந்தால் டயல் கேஜின் முனையை ஷாஃப்ட்டில் தொட வைத்துப் படிக்கலாம். நல்ல நிலையில் முள் அசைவதே தெரியாது. இசைத்தட்டின் பள்ளம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அகலம்தான் என்பதை நினைத்தால், விரலுக்குத் தெளிவாகத் தெரியும் ஆட்டம் ஊசிக்கு எவ்வளவு பெரிய ஆட்டம் என்பது புரியும்.

காதுக்கும் ஒரு வேலை உண்டு. தட்டை மாட்டிச் சுற்றவிட்டு, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் உறையில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்தால் உள்ளே நடப்பது கேட்கும். மெல்லிய ஒரே சீரான ஓசை பரவாயில்லை. ஒவ்வொரு சுற்றிலும், அதாவது 1.8 விநாடிக்கு ஒருமுறை, ‘டக்’கென்று திரும்பத் திரும்ப வந்தால் அடிவில்லையில் பள்ளம் என்று சந்தேகிக்கலாம். வில்லை தேய்ந்து தட்டு கீழே இறங்கிய இயந்திரங்களில் காந்தம் அடியிலுள்ள பாகத்தைத் தொட்டு உரசுவதும் உண்டு. அந்தக் கரகர சத்தத்துக்கு ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

ஷாஃப்ட்டை முழுதாக உருவ முடிகிற மாடல்களில் சோதனை எளிது. முனையில் வெள்ளியாக ஒரு வட்டம், வில்லையில் அதற்கு ஈடான குழி, புஷ்ஷுக்குள் ஒரு பக்கமாக மட்டும் விழுந்த பளபளப்பு: எல்லாம் கண்ணிலேயே தெரிந்துவிடும். எம்கே2வின் பேரிங் தொகுதியை மட்டும் விவரம் தெரிந்தவர்கள் பிரிப்பதில்லை. மையம் ஒருமுறை நகர்ந்தால் திரும்ப அதே இடத்தில் உட்கார வைப்பது வீட்டு மேசையில் நடக்கிற காரியம் அல்ல.

பேரிங்கின் மீதுள்ள சுமையை வடிவமைப்பிலேயே குறைக்க முயன்றவர்களும் உண்டு. 1980 வாக்கில் பயனியர் ‘ஸ்டேபிள் ஹேங்கிங் ரோட்டர்’ என்ற பெயரில் தாங்கும் புள்ளியை மேலே, தட்டின் எடைமையத்துக்கு அருகில் கொண்டுபோனது. அடியில் குத்தி நிற்காமல் மேலிருந்து தொங்கும் அமைப்பு என்பதால் தட்டு தள்ளாடும் போக்கு குறைந்தது, புஷ்ஷின் பக்கவாட்டுச் சுமையும் குறைந்தது. டெக்னிக்ஸ் நேர் எதிர்த் திசையில் போனது. 1981இன் எஸ்பி-10 எம்கே3இல் சுழல்தட்டு மட்டும் 10 கிலோ. அவ்வளவு எடையையும் கால் விநாடியில் முழு வேகத்துக்குக் கொண்டுவரும் மோட்டார் என்று உலகமே வியந்தது. அதைத் தாங்கிய பேரிங்கைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை.

2016இல் டெக்னிக்ஸ் மறுபடி எஸ்எல்-1200 வரிசையைத் தொடங்கியது. முதலில் 1,200 இயந்திரங்கள் மட்டும் கொண்ட சிறப்புப் பதிப்பு, பிறகு எஸ்எல்-1200ஜி. இரும்பு நடுக்கரு இல்லாத புது மோட்டார், விலையும் புது உயரம். அந்த விலை பழைய எம்கே2க்களை மேலும் தேட வைத்திருக்கிறது. கூடவே பேரிங் பயமும்.

பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தத் தலைமுறை இயந்திரங்களில் கெட்டால் திரும்பச் செய்துகொள்ள முடிகிற பாகம் பேரிங்தான். தேய்ந்த வில்லைக்குப் பதிலாக நைலான் கம்பியிலிருந்து இன்னொன்றைக் கடைய, லேத் பிடிக்கத் தெரிந்த எவராலும் முடியும். புஷ்ஷும் அப்படியே, அளவு பார்த்துத் துளைத்துப் பொருத்தலாம். ஆனால் சர்வோவை இயக்கிய அந்தக் கால மின்சில்லுகளைத் தயாரிக்க இன்று தொழிற்சாலை இல்லை. ஜேவிசியின் டிடி-101 தன் காலத்தில் உச்சத்தில் நின்ற டர்ன்டேபிள். இன்று அதன் நெருக்கமான சுற்றுப்பலகையைக் கண்டு கைதேர்ந்த பழுதுபார்ப்பவர்களே தயங்குகிறார்கள். ஷாஃப்ட் லேசாக ஆடும் எஸ்பி-10 ஒன்றையும், ஷாஃப்ட் கல்லுப்போல் நின்று பலகை செத்துப்போன டிடி-101 ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், லேத் வைத்திருக்கும் மெக்கானிக் விலை பேசத் தொடங்குவது எஸ்பி-10க்குத்தான்.